தேங்காய் நார் இருக்க ஸ்பாஞ்சு எதற்கு?

மண் இல்லை. ஏர் இல்லை. களை எடுக்கும் வேலையும் இல்லை. ஆனாலும் செடி வளர்கிறது!

எப்படி? உரம் கரைத்த தண்ணீரில் வேரை விட்டுச் செடி வளர்க்கிறார்கள். இதற்கு "ஹைட்ரோபோனிக்ஸ்" என்று பெயர். 1937-ம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்ற விஞ்ஞானி இந்தப் பெயரைப் பரப்பினார். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1940-களிலேயே வங்காளத்து மலை ஊரான காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதைச் செய்து பார்த்தார்.

அந்தத் தண்ணீர்த் தோட்டம் இன்று வீட்டு மொட்டை மாடிக்கே வந்துவிட்டது. குழாயும் தொட்டியும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. அந்தப் பெட்டியில் சின்னச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டுகளும் இருக்கும். அவைதான் விதைக் கட்டிகள்.

விதையை நேராகத் தண்ணீரில் போட்டால் அழுகிவிடும். அதனால் முதலில் ஈரமான கட்டியில் முளைக்க வைக்க வேண்டும். நாற்று வளர்ந்த பிறகு, கட்டியோடு வலைக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டியில் இறக்க வேண்டும்.

பெட்டியில் வந்த ஸ்பாஞ்சு சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறகு? மறுபடியும் காசு! அதோடு தோட்ட ஆசையும் பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. வாங்கிய தொட்டி மாடி மூலையில் தூங்குகிறது.

தோப்பு நிறையத் தென்னை

தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில் கொண்ட ஊர். சுற்றிலும் வயல், வாழை, தென்னை. இந்த ஊரில் ஒரு குடும்பம் விதை முளைக்க வைக்க ஸ்பாஞ்சு வாங்குவது நியாயமா? கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?

தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது தூள் உதிர்கிறது அல்லவா? அந்த நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காற்றுக்கும் உள்ளே இடம் விடும். விதைக்கு வேண்டியது ஈரமும் காற்றும்தானே!

தக்காளி, மிளகாய் பயிரிடும் விவசாயிகளுக்கு இது தெரிந்த சங்கதி. 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் நார்த்தூளை நிரப்பி நாற்று வளர்க்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்தக் குழித்தட்டு முறையைத்தான் சிபாரிசு செய்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து நார்த்தூள், கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் இதை ஏன் விரும்புகிறார்கள்? அங்கே சதுப்பு நிலத்தில் மக்கிய பாசியை வெட்டி விதைக் கட்டி செய்கிறார்கள். அது ஓர் அடி கனம் சேர ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகும்! பாறையை உருக்கி நூலாக்கிய கல் பஞ்சும் உண்டு. அது மக்காது. ஸ்பாஞ்சும் மக்காது. நார்த்தூளோ, வேலை முடிந்ததும் பூந்தொட்டிக்கு எருவாகும்.

குறையே இல்லையா?

உண்டு. இரண்டு குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் குறை, உப்பு. கழுவாத நார்த்தூளில் உப்பு தங்கியிருக்கும். இளம் வேர் கருகிவிடும். ஆகவே, தூளை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிய வேண்டும். மூன்று, நான்கு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். உப்புக் கரிக்கும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை.

இரண்டாவது குறை, உதிர்வது. தூள் தொட்டியில் விழுந்தால் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அடைத்துவிடும். ஸ்பாஞ்சு உதிராது என்பது உண்மைதான். ஆனால் இதற்கும் வழி உண்டு. அவசரப்படாமல், வேர் பின்னித் தூளைக் கட்டிப் பிடிக்கும் வரை நாற்றைக் குழித்தட்டிலேயே விட வேண்டும். தக்காளிக்குச் சுமார் 25 நாள் பிடிக்கும். பிறகு எடுத்தால் கட்டி உடையாமல் வரும். வலைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தேங்காய் நாரைப் பரப்பிவிட்டால் மிச்சமும் தங்கிவிடும்.

முளைப்பாரி சொல்லும் பாடம்

ஸ்பாஞ்சோ, நார்த்தூளோ, எதில் விதைத்தாலும் ஒரு தவறு நடக்கிறது. வெளிச்சம் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்.

நம் தாய்மார்கள் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறார்கள். தானியங்களை விதைத்து இருட்டறையில் வைக்கிறார்கள். முளைகள் வெளிர் மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று வளர்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அவை வெளிச்சத்தைத் தேடி நீண்ட முளைகள். விதைக்குள் இருந்த கட்டுச்சோற்றைத் தின்று வளர்ந்தவை. அது தீர்ந்தால் அவற்றுக்கு வேறு கதி இல்லை.

சாமிக்கு எடுக்கும் முளைக்கு அந்த நிறமே அழகு. சட்டிக்குப் போகும் கீரைக்கு அது ஆகாது. முளை தலை காட்டிய அன்றே நாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

உரத்திலும் அவசரம் கூடாது. கட்டுச்சோறு இருக்கும் வரை வெறும் தண்ணீரே போதும். முதலில் விரிவது வித்திலை. அதன் பிறகு உண்மையான இலை வரும். அப்போது, வழக்கமான அளவில் பாதி உரம் கரைத்துக் கொடுக்கலாம். கட்டியும் சொதசொதவென்று இருக்கக் கூடாது. லேசாக அழுத்தினால் ஓரிரு சொட்டு வந்தால் சரி. அதற்கு மேல் ஈரம் இருந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும்.

யார் என்ன செய்யலாம்?

பெட்டி விற்கிறவர்கள் இந்த விஷயங்களைத் தமிழில் அச்சிட்டுக் கூடவே கொடுக்க வேண்டும். நார்த்தூள் செய்கிறவர்கள், உப்பு நீக்கிய தூளை வீட்டுக்கு ஏற்ற சிறு பொட்டலங்களில் விற்க வேண்டும். சந்தேகம் கேட்கத் தேனி மாவட்டத்திலேயே, பெரியகுளத்தில், தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் முதலில் பெட்டியே வாங்க வேண்டாம். ஒரு குழித்தட்டும், கழுவிய நார்த்தூளும், ஒரு பிடி கீரை விதையும் போதும். நாற்றை நன்றாக வளர்க்கப் பழகிய பிறகு தொட்டிக்குக் காசு போடலாம்.

விதை போடுகிற வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். தங்கள் கையால் போட்ட விதை முளைத்ததைப் பார்த்த குழந்தை, தட்டில் கீரையை ஒதுக்காது!