தப்பாக எழுதும் நொதிக்கு ஒரு வக்காலத்து

டி.என்.ஏ நகலெடுப்பு என்றாலே அதன் துல்லியத்தைத்தான் புகழ்வார்கள். கடைசியில் மிஞ்சுவது சுமார் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான் என்று படித்து, எழுதி, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். அதே செல், சில நூறு எழுத்துக்குள்ளேயே தப்பு செய்யும் ஒரு நொதியையும் வைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் பாலிமரேஸ் ஈட்டா. எழுதியதைத் திருத்திப் பார்க்கும் பழக்கமே அதற்குக் கிடையாது. அதற்காக வாதாடத்தான் இந்தப் பதிவு.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏவைத் தாக்கினால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை வெட்டியெடுத்துச் சரிசெய்ய வேறு நொதிகள் உண்டு. ஆனால் அவை வந்து சேர்வதற்குள் நகலெடுப்பு தொடங்கிவிட்டால்? வழக்கமான நொதியின் பிடிக்குள் ஒரு நேரத்தில் ஒரு எழுத்துதான் நுழையும். ஒட்டிய ஜோடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடும். நீண்ட நேரம் நின்றால் இழை முறியலாம், செல்லே சாகலாம்.

அப்போதுதான் ஈட்டாவுக்கு அழைப்பு போகிறது. அதன் பிடி அகலமானது. இரண்டு தைமினும் சேர்ந்தே உள்ளே போகும். எதிரே இரண்டு அடினினைச் சரியாகப் போட்டு, இன்னும் ஓரிரு எழுத்து எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். பழுது அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வேலை நிற்கவில்லை, அதுதான் முக்கியம்.

ஈட்டா இல்லாவிட்டால்? ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்று ஒரு பரம்பரை நோய். வெயில் படும் தோலில் எளிதாகப் புற்றுநோய் வரும். இவர்களிடம் பழுது நீக்கும் ஏற்பாடு கெட்டிருக்கிறது என்று 1968ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். ஆனால் ஒரு பிரிவினருக்கு அந்த ஏற்பாடு நன்றாகவே இருந்தது. பின் ஏன் புற்றுநோய்? 1999ல் ஜப்பானில் ஃபுமியோ ஹனவோகா குழுவும், அமெரிக்காவில் பிரகாஷ் தம்பதியின் குழுவும் விடை கண்டார்கள்: இவர்களிடம் கெட்டிருந்தது ஈட்டாவின் மரபணு. அது வராத இடத்தை வேறு நொதிகள் கடக்கின்றன. தப்பான எழுத்தைப் போட்டுவிட்டுப் போகின்றன. அந்தத் திடீர்மாற்றங்கள் சேர்ந்து புற்றுநோயில் முடிகின்றன.

ஈட்டா எங்கும் எப்போதும் நல்லது என்று சொல்லவில்லை. சிஸ்பிளாட்டின் மருந்து டி.என்.ஏவில் உண்டாக்கும் பழுதையும் அது கடந்துவிடும். அதனால் புற்றுச் செல்லும் தப்பிக்கக்கூடும். பழுதில்லாத இழையில் நெடுநேரம் எழுதவிட்டாலும் ஆபத்துதான். அதனால்தான் செல் அதைத் தேவையான இடத்துக்கு மட்டும் கூப்பிடுகிறது.

ஆக, என் கட்சி இதுதான். நல்ல இழையில் வாங்கிய மார்க்கை வைத்து ஒரு நொதியை மட்டம் தட்டக்கூடாது. ஈட்டாவைத் 'துல்லியம் குறைந்த நொதி' என்று அடுத்த முறை எழுதும்போது, எந்த இழையில் என்பதையும் கூடவே எழுதுங்கள்.