துண்டு ஒழிந்தது 1921இல், பல்கலைக்கழகங்களுக்கு யார் சொல்வது?

பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நம்மவர் ஒருவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தால், ‘யூனிவர்சிட்டியே ஸ்பான்சர் பண்ணுதாம்’ என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வோம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு லயத்து வீட்டுப் பிள்ளை அப்படிப் போனால் அது தோட்டம் முழுக்கப் பேச்சாகும். பெருமைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ‘ஸ்பான்சர்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் மலையகத்தில் பிறந்த எவருக்கும் அது பழகிய கதையாகத்தான் இருக்கும்.

எங்கள் வாதம் இதுதான். ஒருவரின் வேலையையும், அவர் அந்த நாட்டில் இருக்கும் உரிமையையும் சேர்த்து ஒரே முதலாளியின் கையில் கொடுப்பது அநியாயம். ‘சட்டம் சொல்லுது, நாங்க செய்றோம்’ என்று சொல்லி அதை நடத்திக் கொடுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அந்த அநியாயத்தில் பங்கு உண்டு.

ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்ப்போம். 2008இல் பிரித்தானியா புள்ளி முறை விசாவைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம் உள்துறை அமைச்சிடம் லைசன்ஸ் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் அதே விதிதான். லைசன்ஸோடு கடமைகளும் வருகின்றன. ஊழியரின் பாஸ்போர்ட் பிரதி, முகவரி, தொலைபேசி எண், விடுமுறைப் பதிவு எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். வேலை செய்யும் இடம் மாறினாலும், வேலை முடிந்தாலும் அறிவிக்க வேண்டும். வேலை போனால் ஊழியருக்கு வழமையாகக் கிடைப்பது 60 நாள். அதற்குள் இன்னொரு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாலும் இதே 60 நாள்தான்.

கடமையில் தவறினால் லைசன்ஸ் போகும். அது வெறும் மிரட்டல் இல்லை என்று 2012 ஓகஸ்டில் எல்லோருக்கும் புரிந்தது. லண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் உரிமையை அரசு பறித்தது. 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள். அங்கே பறிபோனது மாணவர் விசா உரிமை. ஆனால் பயம் நாட்டிலுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களின் எச்.ஆர். அலுவலகத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, வேலை செய்ய உரிமையில்லாத ஒருவரை வைத்திருந்தால் முதலாளிக்கு விதிக்கும் அபராதத்தை 2024 பெப்ரவரியில் முதல் தடவைக்கே தலைக்கு 45,000 பவுண் வரை உயர்த்தினார்கள்.

பயந்தவன் சட்டம் கேட்டதுக்கு மேலேயே செய்வான். இதுதான் எங்கள் முதல் குற்றச்சாட்டு. ஊழியர் காணாமல் போனால் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அதை நடைமுறையாக்கும்போது சில இடங்களில் விசாவில் இருப்பவர் மட்டும் தான் எங்கே இருக்கிறேன் என்று அடிக்கடி பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பக்கத்து மேசையில் அதே பாடத்தைக் கற்பிக்கும் பிரித்தானியக்காரர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்காக நூலகத்தில் இருந்தாலும், வீட்டில் இருந்து எழுதினாலும், களப்பணிக்குப் போனாலும் ஒருவர் மட்டும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2018இல் ஓய்வூதியப் பிரச்சினைக்காக 60க்கும் மேற்பட்ட பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்கள் 14 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டப்படியான வேலைநிறுத்தம், தொழிற்சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்தது. விசாவில் இருந்தவர்களுக்கோ ஒரு கேள்வி தொண்டையில் சிக்கியது: இந்த நாட்களையெல்லாம் சம்பளமில்லாத விடுப்புக் கணக்கில் சேர்ப்பார்களா, சேர்த்தால் விசா என்னாகும்? விதியில் தெளிவான பதில் இல்லை. அந்த வருஷம் ஜூலையில்தான் அப்போதைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித், சட்டப்படியான வேலைநிறுத்தத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கப்போவதாக அறிவித்தார். வேலைநிறுத்தம் நடந்தது பெப்ரவரியிலும் மார்ச்சிலும். தொழிற்சங்க உரிமை காகிதத்தில் இருந்தும், விசா பயத்தால் அதைப் பயன்படுத்தத் தயங்கும் ஒரு கூட்டம் இப்படித்தான் உருவாகிறது. சங்கம் வைத்துச் சம்பளத்துக்குப் போராடிய தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இது சின்ன விஷயமா?

அடுத்தது கடன். வேலை விசாவுக்குப் போகும் ஒருவர் சுகாதாரக் கட்டணமாக வருஷத்துக்கு 1,035 பவுண் கட்ட வேண்டும், பிள்ளைக்கு 776. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 5 வருஷத்துக்கு 18,110 பவுண். விசா விண்ணப்பக் கட்டணம் தனி. இதில் பல்கலைக்கழகம் என்ன உதவி செய்கிறது? பல இடங்களில் வட்டியில்லாக் கடன் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் செலவைத் தாங்களே கட்டிவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் திருப்பிக் கேட்கிறார்கள். இதற்கு ‘உதவித் திட்டம்’ என்று பெயர்.

நம் ஊரில் இதற்கு வேறு பெயர் இருந்தது. கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போய் முற்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார். வழிச்செலவும் அரிசியும் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இவர் இவ்வளவு கடன், அதைக் கட்டுபவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அது கையில் இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. சொல்லாமல் ஓடினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைக்கும் போகலாம். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921இல் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது.

விரிவுரையாளரும் கூலித் தொழிலாளியும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. அவருக்கு லயம் இல்லை, அடி இல்லை, நல்ல சம்பளம் இருக்கிறது, விரும்பினால் ஊருக்குத் திரும்பலாம். இந்த வித்தியாசத்தை மறைத்தால் நம் தாத்தா பாட்டி பட்டதை மலிவாக்கியதாகிவிடும். ஆனால் பூட்டு ஒரே பூட்டுதான். முதலாளி சீட்டு எழுதினால்தான் நீ அடுத்த இடத்துக்கு நகரலாம், முதலாளி பேரை வெட்டினால் நீ இந்த மண்ணிலேயே இருக்க முடியாது. சம்பளம் கூடினாலும் அந்தப் பூட்டு இளகாது.

‘யாரும் கட்டாயப்படுத்தல, தெரிஞ்சேதானே போறாங்க’ என்று சொல்வார்கள். இதையேதான் தோட்டத் துரைமாரும் சொன்னார்கள், வந்தவர்கள் சொந்த விருப்பத்தில் வந்தார்கள் என்று. 2022இல் இந்த நாட்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற எவரும் ‘விருப்பம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துவார்கள்.

‘பல்கலைக்கழகம் என்ன செய்யும், அரசாங்கத்தின் சட்டமாச்சே’ என்பது அடுத்த சமாதானம். கடன் கொடுப்பதா, செலவை முழுதாக ஏற்பதா என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை, பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பில் விசாக்காரருக்கு நீண்ட அறிவித்தல் காலம் கொடுப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. இப்போது பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பணமில்லை என்று ஆயிரக்கணக்கான வேலைகளை வெட்டுகின்றன. உள்ளூர்க்காரருக்கு அது வேலையிழப்பு. விசாக்காரருக்கு அதோடு வீடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும், நிரந்தர வதிவிடத்துக்காகச் சேர்த்த வருஷங்களும் போகும். அந்த வதிவிடத்துக்கு இதுவரை பொதுவாக 5 வருஷம் போதும். 2025 மே மாத வெள்ளை அறிக்கை அதை 10 ஆக்க முன்மொழிந்தது. பூட்டை இன்னும் 5 வருஷம் நீட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே பிரித்தானிய அரசு 2020 முதல் ‘குளோபல் டேலண்ட்’ என்று ஒரு விசா கொடுக்கிறது. பெரிய ஆய்வாளர்கள், விருது பெற்றவர்கள் போன்றோருக்கு. அதில் ஸ்பான்சர் முதலாளி கிடையாது. வேலையை விடலாம், மாறலாம், விசா கூடவே வரும். அப்படி விட்டதால் எந்தப் பல்கலைக்கழகமும் இடிந்து விழவில்லை. ஆக, முதலாளியோடு கட்டாமலும் விசா கொடுக்க முடியும் என்று அவர்களுக்கே தெரியும். பெரிய பெயர் உள்ளவருக்குச் சுதந்திரம், இப்போதுதான் தொடங்குபவருக்குத் துண்டு!

கீழே போகப் போக இது இன்னும் மோசமாகிறது. இதே ஸ்பான்சர் சீட்டில்தான் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் ஆட்கள் போனார்கள். முதலாளியின் லைசன்ஸ் பறிக்கப்பட்டபோது, தப்புச் செய்யாத தொழிலாளியும் சேர்ந்தே நடுத்தெருவுக்கு வந்தார். பேராசிரியர்கள் சங்கமாகப் பேசக்கூடியவர்கள், எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் வாய் திறந்தால் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்பவருக்கும் வழி கிடைக்கும்.

நுவரெலியாவில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் இதைப் பேச வேண்டும்? 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைகளைப் பிரித்தார்கள். இருக்கும் உரிமை இன்னொருவரின் பேனாவில் தொங்கினால் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதனால் கேட்கிறோம். விசாக் கட்டணம் முழுவதையும் வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகமே கட்டட்டும், கடனும் வேண்டாம், திருப்பிக் கேட்பதும் வேண்டாம். சட்டம் கேட்காத எந்தக் கண்காணிப்பையும் நிறுத்தட்டும். ஊழியரைப் பற்றி அமைச்சுக்கு என்ன அனுப்பினாலும் அந்த ஊழியருக்கும் ஒரு பிரதி கொடுக்கட்டும். விசாவை முதலாளியிடமிருந்து பிரிக்கச் சொல்லி, தங்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து பகிரங்கமாகப் பேசட்டும்.

போகப்போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். போய் இறங்கிய முதல் வாரமே சங்கத்தில் சேருங்கள். ஸ்பான்சர் பண்ணியது அவர்கள் போட்ட பிச்சை இல்லை, உங்கள் உழைப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. நன்றிக்கடன் என்று எதுவும் கிடையாது. அந்தக் கணக்கு நம் வீட்டில் ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று.