காவல் கேமரா: கட்டி விற்பதா, நாமே கோப்பதா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

‘வீட்டுக்கு வீடு வாசற்படி’ என்பது பழமொழி. இன்று அந்த வாசற்படிக்கு மேலே ஒரு கேமராவும் சேர்ந்துகொண்டது. 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருவெங்கும் கேமரா பொருத்தச் செய்தபோது, அது பெரிய வீட்டுக்காரர்களின் கவலை என்றே ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நாங்கள் எண்ணியிருந்தோம். பூட்டி வைக்கவே ஒன்றுமில்லாத வீட்டுக்குக் காவல் எதற்கு என்பது எங்கள் ஆயாவின் கேள்வி.

சென்ற ஆண்டு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. கடல் சீற்றத்தால் பத்து நாள் தொழிலுக்குப் போகாமலிருந்த அப்பா, பதினோராம் நாள் விடியலில் வலையை எடுக்கப் போனார். வலை இல்லை. கடனில் வாங்கிய புது வலை. அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் கேமராப் பேச்சு எழுந்தது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே ஆகையால், “நீதான் சயின்ஸ் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு” என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கடையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ‘செட்’. நான்கு கேமரா, பதிவுப் பெட்டியாகிய டிவிஆர், ஹார்ட் டிஸ்க், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், வயர் எல்லாம் ஒரே பெட்டியில் அடக்கம். ஆள் வந்து ஒரு மாலைக்குள் மாட்டிவிட்டுப் போவார். வைஃபையில் இயங்கி, படத்தை நிறுவனத்தின் கணினிக்கே அனுப்பி, அதற்கு மாதச் சந்தா கேட்கும் வகையும் இதன் தம்பிதான். மற்றது, ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்கி நாமே கோப்பது.

நான் இரண்டாவதன் பக்கம். விலை குறைவு என்பதற்காக அன்று. மிச்சம் பிடிக்கலாமென்று போய், மூன்று நாள் அலைச்சலிலும் டீச்செலவிலும் அதைத் தொலைத்தவன் நான். ஆனால் செட் என்பது எவரோ ஒருவர் சராசரி வீடொன்றை மனத்தில் வைத்துக் கட்டியது. எங்களுக்கு வாசல் ஒன்று, வலையும் எஞ்சினும் வைக்கும் மூலை ஒன்று. இரண்டு கேமரா போதும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் ஆகிறது. நான்கு கேமரா ஓடினால் ஒரு டெராபைட் டிஸ்க் 11 நாளில் நிறைந்து, பழைய படத்தை அழித்து எழுதத் தொடங்கும். இரண்டு என்றால் 23 நாள் தாங்கும். வலை போனதைப் பதினோராம் நாளில் அறிந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்கா?

வீட்டுக் கேமராவின் கதையே கையால் கோத்ததில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர், நேரங்கெட்ட நேரத்தில் தனியே இருக்க நேர்ந்ததாலும், அழைத்தால் காவலர் விரைந்து வராததாலும், மின்னணுத் தொழில் அறிந்த தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் ஓர் அமைப்பைத் திட்டமிட்டார். கதவில் நான்கு துளை, அவற்றினிடையே மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் தொலைக்காட்சித் திரை, வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி. 1969-இல் காப்புரிமையும் பெற்றார்கள்.

நாமே கோத்தால் தவறு வராது என்று யாரும் எண்ண வேண்டாம். என் முதல் வேலை முதல் இரவிலேயே பல்லிளித்தது. பகலில் பளிச்சென்றிருந்த மூலைக் கேமரா, இருட்டியதும் அணைவதும் விழிப்பதுமாய் இருந்தது. கேமராவைக் குறை சொல்லி மாற்றித் தரச் சொல்லலாமென்றிருந்தேன். பிறகு ஓம் விதி நினைவுக்கு வந்தது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. நான் போட்டிருந்ததோ மெல்லிய, நீளமான வயர். வழியிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. 12 வோல்ட் புறப்பட்டு, முனையில் போதாமல் நிற்கிறது. செப்பு முலாம் பூசிய அலுமினிய வயரை விட்டு, தடித்த செப்பு வயர் போட்டதும் சரியாயிற்று. தேர்வுத் தாளில் எத்தனையோ முறை எழுதிய விதி, எங்கள் கூரையின் கீழ் வேலை செய்ததைக் கண்ட அன்றுதான் எனக்குப் புரிந்தது என்பதை விரிவுரையாளர்கள் மன்னிப்பார்களாக.

அடுத்தது உப்பு. பெட்டியில் ஐபி 66, 67 என்று அச்சிட்டிருப்பது தூசுக்கும் நீருக்குமான தகுதி. கடற்காற்றின் உப்பு அந்தக் கணக்கில் சேராது. அடுத்த தெருவில் உறவினர் ஒருவர் செட் மாட்டினார். ஆறே மாதத்தில் படம் கோடு கோடாயிற்று. மாட்டியவர் ‘நாளை வருகிறேன்’ என்பதையே இரண்டு மாதம் சொன்னார். நான் ஏறிப் பார்த்தேன். வயரின் முனை பச்சை பூத்திருந்தது. வெட்டி, புது முனை பொருத்தி, டேப் சுற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று.

படம் யாரிடம் இருக்கிறது என்பது இதனினும் பெரிது. 2016-இல் ‘மிராய்’ என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்து அவற்றையே படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் போன்ற தளங்களே தடுமாறின. நம் நடுவண் அரசும் விழித்துக்கொண்டு, 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. உதிரியாக வாங்குபவரும் அந்தச் சான்றைக் கேட்டே வாங்க வேண்டும். எங்கள் பெட்டியை நான் இணையத்தோடு இணைக்கவேயில்லை.

குப்பத்தாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கம்பக்கத்தில் ஒரு சைக்கிள் காணாமற்போனால் முதலில் விரல் நீள்வது எங்கள் பையன்கள் பக்கம். சுற்றிலுமுள்ள கேமராக்கள் எங்களையும் பார்க்கின்றன. படம் மட்டும் எங்களிடம் இல்லை. அந்த நேரத்தில் நான் என் வீட்டு வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று காட்டும் படம், என் வீட்டு டிஸ்க்கிலேயே இருப்பது நல்லதல்லவா?

அதே நியாயம் எதிர்வீட்டு அக்காவுக்கும் உண்டு. எங்கள் சந்தின் அகலம் நான்கடி. முதலில் பொருத்திய கோணத்தில் அவர்கள் வாசலும், அங்கே அவர்கள் தலைவாரிக்கொள்வதும் தெரிந்தன. “தம்பி, அத்த கொஞ்சம் திருப்பிடு” என்றார். அன்றே கீழ்நோக்கித் திருப்பினேன். செட் மாட்ட வந்த ஆளிடம் அவர் இப்படிச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

இத்தனையும் கேட்ட அம்மா ஒன்று கேட்டார்: “நீ வேலைக்குப் போய்ட்டா இத்த யாருடா பாக்கறது?” என் வாதத்தில் இதுதான் ஓட்டை. கோத்தவன் போனால் கோத்ததும் போகும். அதனால் வயர் போகும் வழியை வரைந்து கதவின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். கடவுச்சொல் அம்மாவின் ரேஷன் அட்டையோடு இருக்கிறது. பத்தாவது படிக்கும் தங்கைக்கு முனை பொருத்தக் கற்றுத் தந்தேன். இரண்டு முனையைப் பாழாக்கி, மூன்றாவதைச் சரியாகப் பொருத்தினாள்.

அப்படிக் கற்றுக்கொள்ள ஓர் ஆளில்லாத வீடென்றால், தயங்காமல் செட்டையே வாங்குங்கள். ஆனால் படம் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே பதிவாகும் வகையாகப் பாருங்கள். மாட்டிய ஆள் ஏணியிலிருந்து இறங்குமுன் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். முனைகளுக்கு டேப் சுற்றியிருக்கிறாரா என்றும் ஏறிப் பாருங்கள்.