கோரிக்கை மனு: அரிவாள் அணுச் சோகை நோயாளிகளின் வலிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துறை,
கர்நாடக அரசு, பெங்களூரு.

பார்வை: 1. எங்கள் முந்தைய கடிதங்களும் நினைவூட்டல்களும். 2. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 25(1)(சி).

மதிப்புக்குரியீர்,

பெங்களூரில் வாழும் அரிவாள் அணுச் சோகை நோயாளிகளும் பெற்றோரும் நடத்தும் சங்கத்தின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

இதே கோரிக்கையை முன்பும் எழுதினோம். கடிதம் ‘நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு வேறொரு அலுவலகத்துக்குப் போனது. நினைவூட்டினோம், முதல் கடிதத்தின் நகலைக் கேட்டார்கள். நகல் அனுப்பினோம், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வந்தது. பதில் வரவில்லை. எனவே பழைய வாசகங்களையே இங்கே மீண்டும் எழுதுகிறோம்.

மேற்படிச் சட்டத்தின் அட்டவணையில் அரிவாள் அணு நோய் சேர்க்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்குக் ‘கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை’ கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 25(1)(சி). 40 விழுக்காடு ஊனம் என்ற நிபந்தனை இப்பிரிவில் இல்லை. விதி இல்லை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

முன்னுரிமை எதற்கு என்றால், வலிக்கு. குளிர், காய்ச்சல், உடலில் நீர் குறைவது, சில சமயம் காரணமே தெரியாத ஒன்று: சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து விறைத்துச் சிறு குழாய்களை அடைக்கின்றன. ரத்தம் போகாத எலும்பு வலிக்கிறது. கைக்குழந்தைக்கு விரல்கள் வீங்கும். பெரியவர்களுக்கு முதுகு, இடுப்பு, நெஞ்சு. நெஞ்சுவலியோடு மூச்சும் திணறினால் உயிருக்கே ஆபத்து. இந்த வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. நாடித்துடிப்பு சரியாக இருக்கலாம், ஹீமோகுளோபின் வழக்கமான அளவிலேயே இருக்கலாம். நோயாளியின் வாய்ச்சொல்லே அளவுகோல்.

அந்தச் சொல்லைத்தான் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நம்ப மறுக்கிறார்கள். ‘ஊசிக்குப் பழகியவன்’, ‘நடிக்கிறாள்’, ‘பாராசிட்டமால் போடுங்கள், ரிப்போர்ட் வரட்டும்’ என்பவை எங்கள் உறுப்பினர்கள் கேட்டுச் சலித்தவை. இது ஆப்பிரிக்க நோய் என்பாரும் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் இது 1952-லேயே கண்டறியப்பட்டது. சாமராஜநகர், மைசூரு, குடகுப் பழங்குடியினரிடமும் உள்ளது. இந்தியாவில் பரவலான வகையில் கருநிலை ஹீமோகுளோபின் கூடுதல் என்பதால் நோய் இலேசானது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சராசரி இலேசாக இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் கிடப்பது சராசரி அல்ல.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: நோயாளி வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து தரப்பட வேண்டும், வலி தணியும்வரை 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் மதிப்பிட வேண்டும். அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வது இதுவே. இங்கிலாந்தின் 2012 வழிகாட்டுதல் அரை மணி நேரமே தருகிறது, பெத்திடினையும் விலக்குகிறது. வந்த நேரம், மருந்து தந்த நேரம் இரண்டும் சீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாத நேரத்துக்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள்.

மார்ஃபின் வைத்திருக்க அனுமதி சிக்கல் என்ற பதிலும் பழையது. போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பின், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெற்றால் போதும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்தும் அதைப் பெற ஆணையிடுங்கள். செவிலியருக்கும் பணி மருத்துவருக்கும் பயிற்சி கொடுங்கள்.

2023 ஜூலை 1 அன்று ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் நோயை ஒழிக்க இலக்கு வைத்துள்ளது. வரவேற்கிறோம். பரிசோதித்து அட்டை கொடுத்தபின் வலி வந்தால் எங்கே போவது என்பதையும் அந்த அட்டையிலேயே அச்சிட வேண்டுகிறோம்.

பிற கோரிக்கைகள்:
அ) ஹைட்ராக்சியூரியா ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.
ஆ) ஊனச் சான்றிதழுக்கு மீண்டும் மீண்டும் அலைக்கழிக்கக் கூடாது.
இ) தேர்வு நாளில் வலி கண்ட மாணவருக்கு மறுதேர்வு வாய்ப்பு தர வேண்டும்.

இம்முறை ஒப்புகைச் சீட்டு வேண்டாம். எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். பதில் வராவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பிரிவு 80-இன் கீழ் முறையிடுவோம். அவருக்கு இம்மனுவின் நகல் இன்றே அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்