ஆஞ்சியோவுக்குப் பிறகு முதுகில் சிவப்பா? அலட்சியம் வேண்டாம்!

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்பி மூன்று, நான்கு வாரம் ஆகிவிட்டது. நெஞ்சுவலி இல்லை. ஆனால், முதுகில் ஓரிடம் மட்டும் சிவந்து அரிக்கிறது. அலர்ஜி என்று நினைத்துக் களிம்பு தடவுவோம். அபூர்வமாக, அது எக்ஸ்ரே கதிர்வீச்சால் வந்த காயமாகவும் இருக்கலாம்.

ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயை, எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடியேதான் டாக்டர் நகர்த்துகிறார். சிக்கலான அடைப்பு என்றால் நேரம் நீளும். கதிர் பெரும்பாலும் மேஜைக்குக் கீழிருந்து வருவதால், அதிகம் வாங்கிக்கொள்வது முதுகுத் தோல்தான்.

1990-ல் அமெரிக்காவில் 40 வயதுக்காரர் ஒருவருக்கு ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி, மறுபடி ஆஞ்சியோகிராம், பைபாஸ் எல்லாமே ஒரே நாளில் நடந்தன. சுமார் ஒரு மாதம் கழித்து முதுகு சிவந்து, தோல் உரிந்தது. ஆறியதுபோல் தெரிந்த புண் மீண்டும் உடைந்து, கடைசியில் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட காயங்கள் குறித்து அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1994-ல் டாக்டர்களை எச்சரித்தது.

டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

கதிரைத் தொடர்ச்சியாக விடாமல், விட்டுவிட்டுப் பாய்ச்சுகிறார்கள். தேவையான இடத்தில் மட்டும் படும்படி குறுக்குகிறார்கள். ஒரே இடத்தில் குவியாமல் கோணத்தை மாற்றுகிறார்கள். படம் பிடிக்கும் தகட்டை உடலுக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கூடுதல் கதிர் தேவைப்படும் என்பதால், கூடுதல் கவனமும் தேவை.

கதிரின் அளவை 'கிரே' என்று கணக்கிடுகிறார்கள். தோலில் 2 கிரே பட்டாலே தற்காலிகச் சிவப்பு வரலாம். கருவி காட்டும் கணக்கு 5 கிரேயைத் தாண்டினால், நோயாளியின் தோலைச் சில வாரங்களுக்குக் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* முன்பு ஆஞ்சியோ செய்திருந்தால், எப்போது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள்.
* கதிர் அளவை டிஸ்சார்ஜ் சம்மரியில் குறித்துத் தரும்படி கேளுங்கள்.
* நீண்ட நேரம் நடந்த சிகிச்சை என்றால், முதுகை வாரம் ஒருமுறை வீட்டில் யாராவது பார்க்கட்டும்.
* சிவப்போ புண்ணோ தெரிந்தால், தோல் டாக்டரிடம் ஆஞ்சியோ செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குக் காரணம் பிடிபடாமல் போகலாம்.

இதற்குப் பயந்து ஆஞ்சியோவையே தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலானோருக்குத் தோல் பாதிப்பு எதுவும் வருவதில்லை. அடைப்பை அப்படியே விடுவதுதான் பெரிய ஆபத்து!