பல்லவி முடியுமுன் 'பாம்... பாம்...'! விழுப்புரம், திண்டிவனத்தில் பாட்டுக்கு ஓர் அமைதி அறை வேண்டும்

விழுப்புரத்தில் ரயில் பாதை ஓரம் ஒரு மாடி அறை. கிதாரை மடியில் வைத்து, செல்போனை ஸ்டூல் மேல் சாய்த்துவிட்டு, வாலிபர் ஒருவர் கண்ணை மூடிப் பாட ஆரம்பிக்கிறார். பல்லவி முடியவில்லை. 'பாம்ம்ம்...' என்று ரயில் என்ஜின் ஊதுகிறது. மறுபடியும் முதலில் இருந்து! இந்தத் தடவை சரணம் வரை வந்துவிட்டார். கீழே தெருவில், "பழைய இரும்பு, பிளாஸ்டிக்..." என்று ஸ்பீக்கர் கட்டிய வண்டி. போச்சு!

இரவு 11 மணிக்குப் பாடலாம் என்றால், "நாங்க தூங்க வேணாமா தம்பி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் போகிறது. திண்டிவனத்தில் ரோட்டுச் சத்தம். சென்னையில் இருந்து வரும் சாலை அங்கேதான் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பிரிகிறது. செஞ்சி, திருவண்ணாமலை பஸ்களும் அங்கேதான் திரும்புகின்றன. 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் ஆனது என்பார்கள். காடு பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காதில் விழுவது ஏர் ஹாரன்!

"பொழுதுபோக்குக்குப் பாடுறாங்க, இதுக்கு ஒரு வழக்கா?" என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கு மட்டும் அல்ல. இன்று மெல்லிசைக் குழுவில் சான்ஸ் கேட்டாலும், கல்யாணக் கச்சேரிக்குப் பேசினாலும், முதலில் வருகிற பதில், "வாட்ஸ்அப்ல ஒரு பாட்டு அனுப்புப்பா" என்பதுதான். பாட்டுக்கு நடுவில் லாரி ஊதினால், கேட்பவர் பத்து வினாடியில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அமைதியான பங்களாவில் இருக்கிற பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரோட்டு ஓரமும் தண்டவாள ஓரமும் குடியிருப்பவன் பிள்ளைக்குத்தான் நஷ்டம். சென்னைக்குப் போய் மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கொடுக்க அவன் எங்கே போவான்?

காக்கைக்குத் துப்பாக்கி!

சத்தத்தோடு சண்டை போடுவது தமிழ் சினிமாவுக்குப் புதிது அல்ல. சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படமான 'ஸ்ரீனிவாச கல்யாணம்' 1934-ல் வந்தது. எடுத்தவர் ஏ.நாராயணன். அவர் மனைவி மீனாட்சிதான் ஒலிப்பதிவைக் கவனித்தார். அந்தக் காலத்தில் நடிகரே கேமரா முன் பாடவேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் மறைவில் இருந்து வாசிப்பார்கள். திறந்த வெளியில் ஒரு காக்கை 'கா' என்றால் டேக் வீண். காக்கையை விரட்டத் துப்பாக்கியோடு ஆள் வைத்த ஸ்டூடியோவும் உண்டு. அடேயப்பா!

1938-ல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு முறை வந்தது. நடிப்பு ஓர் இடம், பாட்டு வேறு இடம் என்று பிரித்ததும் காக்கைத் தொல்லை ஒழிந்தது. இன்றைய மாடி அறைப் பாடகருக்கும் இந்த வித்தை உதவும். கிதாரைத் தனியாகப் பதிவு செய்து, பிறகு அதை ஹெட்போனில் கேட்டபடி குரலைத் தனியாகப் பாடிச் சேர்க்கலாம். ஹாரன் வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடினால் போதும்.

மெத்தையும் போர்வையும்

பலர் செய்யும் தப்பு, மைக்கைத் தள்ளி வைப்பது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஓர் அடியில் இருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல். வெளியே போகும் பஸ்சின் சத்தமோ கூடாமல் அப்படியே நிற்கும். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண மைக் பெரும்பாலும் முன்பக்கச் சத்தத்தைத்தான் வாங்கும். அதன் பின்பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டவேண்டும். பாடுபவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தை, கதவு இடுக்கில் பழைய புடவை. இதற்குப் பெரிய செலவு இல்லை.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், இடுக்கு இருக்கக்கூடாது. கிதாருக்குள் பிக்கப் இருந்தால் வயரை நேராகச் சொருகிவிடலாம். எந்த லாரியும் அதில் நுழையாது! கிதாரின் தடித்த கம்பி எழுப்பும் சுரமே சுமார் 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இருக்கும் ரயில் உறுமலை வெட்டிவிட்டால் பாட்டுக்கு நஷ்டம் இல்லை. இரைச்சலை நீக்கும் 'ஆப்'பையே முழுக்க நம்பினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

சட்டம் இருக்கு, ஆனா...

போர்வையால் ஏர் ஹாரனை ஜெயிக்க முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. பல சுரத்தில் ஊதும் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியிலேயே தடை. 2019-ல் திருத்திய சட்டப்படி, தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் அபராதம், மறுபடியும் செய்தால் 2,000 ரூபாய். திண்டிவனம் கூட்டுரோட்டில் பத்து நிமிடம் நின்றால் இந்தச் சட்டம் எந்த ஊரில் இருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும்.

டிரைவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. குறுக்கே பாயும் பைக்குக்கு அவர் ஊதித்தான் ஆகணும். ரயில் ஊதுவது உயிரைக் காக்க, அதில் பேச்சே இல்லை. ஆனால் பாட்டு மெட்டில் ஊதுகிற ஏர் ஹாரன் யார் உயிரைக் காக்கிறது? அதைப் பிடுங்க போலீசும் போக்குவரத்து அதிகாரியும் மனசு வைத்தால் போதும்.

இன்னொரு வேலை அரசு கையில் இருக்கிறது. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி நடக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். கிதார் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் போகட்டும். கனமான கதவு, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர் வைத்து அங்கே ஓர் அறை ஒதுக்கி, மாலை நேரத்தில் குறைந்த வாடகைக்கு விடலாமே! நாதஸ்வரக்காரர் பிள்ளையும் வருவான், கிதார்க்காரப் பையனும் வருவான். திண்டிவனத்துக்கும் அதுபோல் ஒன்றை நகராட்சி யோசிக்கலாம். கோடிக் கணக்கில் ஆகிற திட்டம் இல்லை.

அதுவரை விழுப்புரத்து வாலிபர் ரயில்வே அட்டவணையைப் பார்த்துத்தான் பல்லவி எடுக்கவேண்டும். ரயில் லேட் என்றால் அதுவும் கெட்டது!