குற்றவாளி இல்லாத குற்றமா?

மனித குலம் முழுவதும் மலடாகிவிட்டதாகக் கதை புனைவது மேனாட்டு விஞ்ஞானப் புனைகதையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு மரபு. பள்ளிக்கூடங்கள் பாழடைந்து கிடக்கின்றன. இறுதியாகப் பிறந்த குழந்தையும் வளர்ந்துவிட்டது. முதியோர் மட்டும் எஞ்சிய உலகம் அந்தியை நோக்கி நகர்கிறது. இக்கற்பனையின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், உலகம் ஏன் மலடாயிற்று என்ற கேள்வி எழும் இடத்தில் எழுத்தாளனின் பேனா பெரும்பாலும் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கத்தையே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம்.

பி. டி. ஜேம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1992இல் வெளியிட்ட 'மனிதரின் பிள்ளைகள்' என்ற நாவலில், ஆண்களின் விந்து வளமிழந்துவிடுகிறது. காரணம் எந்த விஞ்ஞானிக்கும் புலப்படுவதில்லை. 2006இல் அது திரைப்படமானபோது ஆணின் குறை பெண்ணின் குறையாக மாற்றப்பட்டது. காரணம் மட்டும் மர்மமாகவே விடப்பட்டது. நம்பிக்கை இழந்த சமுதாயம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே கதையின் அக்கறை, காரணம் அதற்குத் தேவையில்லை என்று சிலர் வாதிடுவர். இருக்கலாம். ஆயினும் காரணம் மறையும்போது காரணகர்த்தாவும் மறைந்துவிடுகிறான். மலடு வானத்து இடிபோல ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லார் தலையிலும் விழுகிறது. மெய்யுலகில் நடந்தது அவ்வாறா?

1977ஆம் ஆண்டு, கலிபோர்ணியாவின் லேத்ரொப் என்ற ஊரில் பூச்சிகொல்லி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவர்களிற் பலருக்குப் பிள்ளைப்பேறு நின்றுபோயிருந்தது. பரிசோதித்தபோது பலரின் விந்தில் உயிரணுக்கள் அருகியிருந்தன. சிலரிடம் அறவே இல்லை. டிபிசிபி என்ற இரசாயனமே காரணம். பயிர்களின் வேரைத் தின்னும் நுண்புழுக்களைக் கொல்ல மண்ணிற் செலுத்தப்பட்ட நஞ்சு அது. டவ், ஷெல் என்னும் இரு பெருங் கம்பனிகள் அதனைத் தயாரித்தன. அந்நஞ்சு எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வு முடிவு 1961இலேயே அச்சேறியிருந்தது. எலிக்குத் தெரிந்த செய்தி தொழிலாளிக்கு எட்டப் பதினாறு ஆண்டுகள் சென்றன!

பின்னர் நடந்தது அதனினும் கொடிது. 1979இல் ஐக்கிய அமெரிக்கா தன் பெருநிலப்பரப்பில் அதன் பாவனையைத் தடுத்தது. ஹவாயின் அன்னாசித் தோட்டங்களுக்கோ 1985 வரை சலுகை இருந்தது. ஆபத்து வெளிப்பட்ட பின்னரும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அந்நஞ்சு பாய்ந்தது. கொஸ்தாரிக்கா, நிக்கராகுவா, ஹொண்டூராஸ், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றப் படியேறினர். வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுபட்டன.

ஆகவே, நம்பத்தக்க காரணம் தேடும் எழுத்தாளன் விண்ணை நோக்க வேண்டியதில்லை. மண்ணை நோக்கினால் போதும். கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு, உடனே நோவு தராத கேடு, அறிந்தவரின் மௌனம், விற்பவரின் இலாபம். இவற்றோடு வெட்கமும் சேர்கிறது. பிள்ளையில்லாத ஆண் அதை வெளியிற் சொல்வதில்லை. பழி மனைவி மேல் விழுகிறது. 'மலடி' என்ற வசை நம் மொழியிலும் எத்தனை எளிதாக வாயில் வருகிறது! வெட்கம் ஊமையாக்கிய நோய் பரவுவதற்குத் தடையேது?

ஓர் இரசாயனம் உலகையே மலடாக்குமா என்று கேட்பர். ஒன்று ஆக்காது. ஆனால் டிபிசிபி தோட்டத்தோடு நிற்கவில்லை. கலிபோர்ணியாவின் நிலத்தடி நீரில் இறங்கித் தடைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் தங்கியது. உழைப்பவனின் உடலில் தொடங்கிக் குடிப்பவனின் குவளைக்கு வந்த அந்தப் பாதையை, ஒன்றுக்குப் பதிலாக நூறு நஞ்சுகளுக்கு நீட்டிப் பார்ப்பதே கற்பனையின் வேலை.

வழிகாட்டிகள் இல்லாமலில்லை. பிரையன் ஓல்டிஸ் 1964இல் எழுதிய 'நரைதாடி' நாவலில் மலட்டுக்குக் காரணம் விண்வெளியில் வெடித்த அணுகுண்டுகள். 1985இல் மார்கிரெட் அட்வூட் படைத்த 'பணிப்பெண்ணின் கதை' கதிர்வீச்சையும் இரசாயனக் கழிவையும் சுட்டுகிறது. மலட்டு ஆண் என்றொருவன் இல்லை, மலட்டுப் பெண் மட்டுமே உண்டு என்று சட்டம் செய்யும் அரசையும் அது காட்டுகிறது. நஞ்சு எங்கிருந்து வந்தது, பழி யார் மேல் விழுகிறது என்ற இரண்டையும் அந்நாவல் ஒருங்கே கண்டது.

தொட்டில் வெறுமையானதற்கு இரங்குவது எளிது. அதை வெறுமையாக்கிய கையைக் காட்டுவதே கடினம். எதிர்காலத்தைப் பற்றி எழுதுவோரிடம் நாம் வேண்டுவது அந்தக் கடினமான பணியைத்தான். மர்மம் என்ற திரையை விலக்குங்கள். அதன் பின்னே விதி நிற்கவில்லை; கணக்குப் புத்தகத்தோடு மனிதர் சிலர் நிற்கின்றனர்.